பதினேழு வட்டங்கள்

மூன்று நாட்கள் இரண்டு பழைய பாய்ப்படகுகளின் அடியில் மல்லாந்து கிடந்தேன். முதுகில் ஒட்டிய பைபர்த் தூசு ஒரு கிழமைக்குப் போகவில்லை. குளித்தால் அரிப்புக் கூடியது.

குருநகரில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு படகுப் பட்டறை இருக்கிறது. மீன்பிடிக்கும் பைபர் வள்ளங்களை அச்சில் வார்த்து விற்கிற இடம். அதன் பின்வளவில், வெயிலில், மரக்குற்றிகளின் மேல் அந்த இரண்டு படகுகளும் நின்றன. வெள்ளைக்காரர்கள் திருகோணமலையில் விட்டுவிட்டுப் போனவை. பட்டறை முதலாளி அவற்றை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். எதற்கு வாங்கினீர்கள் என்று கேட்டால், "மலிவாய்க் கிடைச்சுது" என்பார். 

இரண்டில் ஒன்றை வாங்க ஒருவர் வந்தார். எங்கள் தெருவிலிருந்து இளவயதில் நோர்வேக்குப் போய், வேலை செய்து ஓய்ந்து, திரும்பி வந்தவர். நான் அவரை அங்கிள் என்று கூப்பிடுவேன். சுற்றுலாக்காரரைக் குருநகரிலிருந்து ஏற்றித் தீவுகளுக்குக் கொண்டுபோய், ஒரு இரவு படகிலேயே தங்கவைத்துத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்பது அவருடைய யோசனை. அதோடு, வருடத்தில் ஒன்றிரண்டு தடவை நடக்கும் பாய்ப்படகுப் போட்டியிலும் ஓட வேண்டும். இரண்டு வேலைக்கும் ஒரே படகு. எது நல்லது என்று ஒப்பிட்டு எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்.

என்னைக் கேட்டதில் நியாயம் இருந்தது. நான் பல்கலைக்கழகத்தில் கடற்றொழில் படித்தேன். படகின் வெளியுடம்பான பைபர் ஓடு எப்படித் தண்ணீர் குடிக்கிறது என்பதுதான் கடைசி வருட ஆய்வு. எங்கள் குடும்பத்தில் படித்தவள் என்று சொல்ல நான் ஒருத்திதான். அப்பா கையெழுத்துக்குப் பெருவிரல் வைப்பவர். அண்ணை பள்ளிக்கூடம் போன காலத்தில் சனம் இடம்பெயர்ந்தது. திரும்பி வந்தபோது அவருக்கு வலை இழுக்கிற வயது வந்துவிட்டது. அவர் உழைத்த காசில்தான் நான் சீருடை போட்டேன். இதை யாராவது எனக்கு நினைவுபடுத்தினால் எனக்குக் கோபம் வரும். யாரும் நினைவுபடுத்த வேண்டியதில்லை என்பதால்.

எந்தப் படகு வாங்கினாலும் அதை நடத்தும் தண்டையலாக அண்ணையை வைப்பதாக அங்கிள் சொல்லியிருந்தார். அண்ணை அப்போது மயிலிட்டியிலிருந்து பலநாள் படகில் போய்க்கொண்டிருந்தார். போனால் இரண்டு கிழமை. வந்தால் மூன்று நாள். அவருடைய மகளுக்கு நாலு வயது. கடைசி முறை அவர் வந்து இரண்டாம் நாள், "உந்த மாமா எப்ப போவார்?" என்று தாயிடம், என் மச்சாளிடம், கேட்டுவிட்டாள். அண்ணை சிரித்தார். பிறகு கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போனார். அடுத்த பயணத்துக்கு அவர் போகவில்லை. படகு வாங்கப்படும் என்று காத்திருந்தார். ஒவ்வொரு பின்னேரமும் வீட்டுக்கு வரக்கூடிய வேலை அவருடைய வாழ்க்கையில் முதல் தடவையாகக் கண்ணுக்குத் தெரிந்தது. இடையிடையே ஓர் இரவு தீவில் தங்கவேண்டி வரும். அது அவருக்கு ஒரு கணக்கே இல்லை.

இரண்டு படகும் ஏறத்தாழ முப்பது அடி. இரண்டும் நான் பிறப்பதற்கு முன்பே வார்க்கப்பட்டவை. அதோடு ஒற்றுமை முடிந்துவிட்டது. ஒன்று கடலில் நாட்கணக்கில் இருப்பதற்கென்று செய்தது. அகலம், பாரம், தடித்த ஓடு. உள்ளே நான் நிமிர்ந்து நிற்கலாம். நாலு பேர் படுக்கலாம். அடுப்பு இருந்தது, கதவு பூட்டக்கூடிய கக்கூஸ் இருந்தது. மற்றது போட்டிக்கென்று செய்தது. ஒடுக்கமான உடம்பு, மெல்லிய ஓடு, படகைவிட நீளமான பாய்மரம். உள்ளே குனிந்தபடிதான் இருக்க முடியும். கக்கூஸ் படுக்கை மெத்தைக்குக் கீழே இருந்தது.

முதல் நாள் அண்ணை என்னோடு வந்து இரண்டையும் சுற்றிப் பார்த்தார்.

"உது கலியாண வீட்டு மாமி," என்று அகலமான படகைக் காட்டினார். "மற்றது சோதினைக்குப் படிக்கிற பெட்டை. சாப்பாடும் இல்லை, நித்திரையும் இல்லை. ஒரு காத்தடிச்சால் சரிஞ்சு படுத்திடும்."

"ஆரைச் சொல்லுறியள்?"

"படகைத்தான் சொல்லுறன். உனக்கேன் குத்துது?"

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவை மாமியும் பெட்டையும் ஆகிவிட்டன.

பெட்டைக்கு ஒரு பெரிய குறை இருந்தது. பாய்ப்படகு சரிந்து விழாமல் இருக்க, அடியில் ஈயப் பாரத்தோடு இறங்கும் ஏரா என்கிற அடிக்கட்டை வேண்டும். எங்கள் ஆட்கள் ஆழத்தை அடிக்கணக்கில் சொல்வதில்லை. முழங்கால், இடுப்பு, நெஞ்சு, ஆள் முழுக்க என்றுதான் சொல்வார்கள். மாமியின் ஏரா நெஞ்சளவு. கவனமாக வாய்க்காலைப் பிடித்தால் குருநகர் இறங்குதுறைக்கு வரலாம். பெட்டையின் ஏரா ஆள் முழுக்க. எங்கள் கடலேரியில் அது சேற்றில் நட்ட கம்பம் மாதிரி நிற்கும். காங்கேசன்துறையில்தான் அதை மிதக்கவிட முடியும்.

ஓட்டத்தில் எல்லாம் மறுபக்கம். தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று நன்றாக எடுத்து வீசினால்தான் மாமி அசையும். காலையில் வரும் மெல்லிய காற்றில் அது இருந்த இடத்திலேயே இருக்கும், போட்டியில் கடைசியாக வரும். பெட்டை அந்தக் காற்றிலேயே போய்விடும். ஆனால் அதை ஓட்டக் கயிறு தெரிந்த ஐந்து பேர் வேண்டும், ஏறுகிறவர்கள் நனைவார்கள். குழந்தையோடு வரும் குடும்பத்தை அதில் ஏற்ற முடியாது. இப்படிப் பார்த்தால் அங்கிளுக்கு ஏற்றது மாமிதான். அண்ணைக்கும் அதுதான். என் அறிக்கையின் முதல் இரண்டு பக்கங்களும் அப்படித்தான் சொல்லின. எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிறகு ஓட்டைச் சோதித்தேன். படிப்பித்த விரிவுரையாளரிடம் ஈரம் பார்க்கும் கருவியை இரவல் வாங்கியிருந்தேன். வெள்ளிக்கிழமைக்குள் திருப்பிக் கொடுக்கவேண்டும். பெட்டையின் ஓடு முழுக்க அதைப் பிடித்துக்கொண்டு போனேன். முள் எழும்பவில்லை. பாய்மரத்தின் அடியில் மேல்தளம் மட்டும் கொஞ்சம் மெத்தென்று இருந்தது, திருத்தக்கூடியது. மாமியில் முதல் சாணிலேயே முள் எழும்பிவிட்டது. அது வருடக்கணக்காகத் தண்ணீரிலேயே கிடந்த படகு. ஓட்டுக்குள் ஈரம் ஏறி, மேற்பூச்சின் கீழே சின்னச் சின்னக் கொப்புளங்கள் கட்டியிருந்தன. கரண்டிக் காம்பால் தட்டினேன். நல்ல இடம் கணீரென்று கேட்டது. கெட்ட இடம் நனைந்த பலகை மாதிரி மொத்தென்று கேட்டது. கெட்ட இடம் ஒவ்வொன்றையும் சுற்றிச் சோக்கட்டியால் வட்டம் போட்டு, உள்ளே இலக்கம் எழுதினேன். பதினேழு வந்தது. அதில் ஒன்பது, ஏரா ஓட்டோடு சேரும் இடத்தைச் சுற்றி. ஈயப் பாரம் முழுவதையும் தாங்குகிற இடம் அது.

அண்ணை சாப்பாட்டுப் பெட்டியோடு வந்து நின்றார்.

"உதென்ன, இத்தனை வட்டம் போட்டு வைச்சிருக்கிறாய்?"

"முடியட்டும் அண்ணை. அறிக்கை எழுதினாப் பிறகு சொல்லுறன்."

"பெரிய டொக்டர். நோயாளிக்குக்கூடச் சொல்லமாட்டா."

அவர் பகிடியாகத்தான் சொன்னார். நான் சொல்லாமல் இருந்தது பகிடி இல்லை. வேலை முடியுமுன் வாய் திறப்பது படிக்காத ஆட்களின் பழக்கம் என்று எனக்குள் ஒரு எண்ணம் இருந்தது. அச்சடித்த தாளாகத்தான் என் முடிவு வெளியே வரவேண்டும். இப்போது அதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அப்போது இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கருவியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சனிக்கிழமை முழுநாளும் ரியூசனில் விஞ்ஞானம் படிப்பித்தேன். அங்கிள் ஞாயிறு பூசை முடிந்து படகைப் பார்க்க வருவதாக இருந்தது. அதற்கு முன் வட்டங்களைப் படம் எடுத்து அறிக்கையில் சேர்க்க, சனி பின்னேரம் பட்டறைக்குப் போனேன்.

மாமி நீல நிறத்தில் நின்றது.

வானத்தின் நீலம் இல்லை. எங்கள் வள்ளங்களுக்கு அடிக்கிற அந்தப் பிடிவாதமான நீலம். தண்ணீர்க்கோட்டில் ஒரு வெள்ளைப் பட்டையும் இழுத்திருந்தது. அண்ணை முழங்கை வரை நீலமாகக் குற்றியில் உட்கார்ந்திருந்தார். முகம் களைத்திருந்தது, ஆனால் அப்படி ஒரு நிறைவு.

"எப்பிடி?" என்றார். "பொம்பிளை பார்க்க வருகினம். முகத்துக்குப் பவுடர் போட வேண்டாமே?"

"வட்டங்கள் எங்கை?"

"எல்லாம் பூசியாச்சு. நீ பயப்பிடாதை, ஒண்டும் விடேல்லை. பதினேழு. எண்ணித்தான் பூசினன். இலக்கம் மட்டும் வாசிப்பன்தானே. உரஞ்சி, பட்டிப் பசை வைச்சு, திரும்ப உரஞ்சி. வெள்ளிக்கிழமை தொடங்கினது, இப்பதான் முடிஞ்சது."

 நானும் ஒரு குற்றியில் உட்கார்ந்தேன். யாரையும் குறை சொல்ல முடியவில்லை. எங்கள் பட்டறைகளில் வட்டம் என்றால் அதுதான். பழைய வள்ளம் ஒன்று திருத்தத்துக்கு வந்தால் மேஸ்திரி சுற்றிப் பார்த்து, வெடித்த இடங்களில் வட்டம் போட்டுவிட்டுப் போவார். மற்றவர்கள் கேள்வி கேட்காமல் வட்டத்தை எல்லாம் பூசுவார்கள். அந்தக் கரையில் வளர்ந்த யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள். அதே கரையில் பிறந்த நான்தான் அதை மறந்துபோனேன்.

"அண்ணை, அது பூசுறதுக்குப் போட்ட வட்டமில்லை."

"பின்னை?"

"கெட்டுப்போன இடம். ஓட்டுக்குள்ளை தண்ணி நிக்குது. இப்ப அதை உள்ளுக்கை வைச்சு மூடியாச்சு."

அவர் படகைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"எங்கடை வள்ளமும் தண்ணி குடிக்கிறதுதானே."

"எங்கடை வள்ளம் ஒவ்வொரு நாளும் கரையிலை ஏறிக் காயும். உது வருசம் முழுக்கத் தண்ணிக்குள்ளை நிக்கப் போறது. அடியிலை ஈயம் தொங்குது. அந்த இடந்தான் மோசம். திருத்தலாம். மேற்பூச்சு முழுக்க உரிச்சு, மாதக்கணக்கா நிழலிலை காய வைச்சு, திரும்பப் பைபர் வைக்க வேணும். ஆனால் அங்கிள் சோழகத்துக்கு முதல் கடலிலை இறக்க வேணுமெண்டு சொல்லுறார்."

"உடைஞ்சிடுமோ?"

"எப்ப எண்டு சொல்லேலாது. பத்து வருசமும் நிக்கும். முதல் கடும் காத்திலையும் விடும்."

"உதை ஆருக்குத் தெரியும்?"

"எனக்கு."

"உனக்கு மட்டுமோ?"

"ஓம்."

அவர் எழும்பிப்போய், மண்ணெண்ணெயில் துணியை நனைத்துக் கையைத் துடைக்கத் தொடங்கினார். நீலம் விரல் மடிப்புகளில் நின்றது. அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "சொல்லாதை" என்று அவர் சொல்லவில்லை. "சொல்லு" என்றும் சொல்லவில்லை. ஏதாவது ஒன்றைச் சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். வீட்டுக்கு நடந்துபோகும் வழியில் மகளுக்கு ஒரு ஐஸ்கிறீம் வாங்கினார். அது உருகுவதற்குள் போய்விட வேண்டும் என்று வேகமாக நடந்தார். நான் பின்னால் போனேன்.

ஞாயிறு அங்கிள் பூசை உடுப்போடேயே வந்தார். நீலத்தைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. கையை ஓட்டில் வைத்து நடந்துகொண்டே போனார்.

"அட, இதெல்லோ படகு. நோர்வேயிலை இப்பிடி ஒரு நீலம் காணேலாது."

"பொட்டுக் குறையில்லை," என்றார் முதலாளி. "ரெண்டு நாள் வேலை. எங்கடை பெடியனே நிண்டு செய்தவன்."

எங்கடை பெடியன் கொட்டகைத் தூணில் சாய்ந்து நின்றார். அண்ணைக்கு முப்பத்தேழு வயது.

"அப்ப பிள்ளை, நீ என்ன எழுதியிருக்கிறாய்? மாமியோ பெட்டையோ?" என்று அங்கிள் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தப் பெயர்கள் அவர் காதுவரை போய்விட்டிருந்தன.

அறிக்கை என் கையில் இருந்தது. மூன்றாம் பக்கத்தை இரண்டு விதமாக எழுதி, இரண்டையும் கொண்டுவந்திருந்தேன். ஒன்றில் ஓடு பற்றி நாலு வரி மட்டும் இருந்தது. அந்த நாலு வரியில் பொய் ஒன்றும் இல்லை. 'பழைய படகுகளில் வழக்கமாகக் காணப்படும் ஈரம்' என்று எழுதியிருந்தேன். படித்தவர்களுக்கு அப்படி எழுத வரும். மற்றதில் பதினேழு இடங்களும், முள் காட்டிய அளவுகளும் இருந்தன. தூணைப் பார்த்தேன். அண்ணை கீழே பார்த்துக்கொண்டு நின்றார். இந்தப் படகு வாங்கப்பட்டால் அதில் போகப்போவது அங்கிள் இல்லை. அவர் கரையில் நிற்பார். கடும் காற்றில் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, ஈயம் தொங்கும் அந்த இடத்துக்கு மேலே நிற்கப்போவது அண்ணை.

"ஓடு சரியில்லை அங்கிள்," என்றேன். "வெளியாலை தெரியாது. அடி ஊறிப்போச்சு."

முதலாளி சிரித்தார். "படிச்ச ஆக்களுக்குக் கண்ணிலை எல்லாம் ஓட்டைதான் தெரியும். புதுசாய் அடிச்ச பெயின்ரைப் பார்த்து ஊறிப்போச்சாம்."

"எங்கை? காட்டு பார்ப்பம்," என்றார் அங்கிள். அவர் குரலில் சிரிப்பு இல்லை.

கொப்பியில் எழுதியிருந்த அளவைப் பார்த்து, ஏராவிலிருந்து சாண் போட்டு, ஏழாம் இலக்கத்தின் இடத்தைக் கண்டுபிடித்தேன். சுரண்டுகிற தகட்டை எடுத்து அழுத்தினேன். நீலம் வழுக்கியது. இரண்டாம் தடவையும் வழுக்கியது. முதலாளி தொண்டையைச் செருமினார். அப்போது பின்னால் வந்து யாரோ என் கையிலிருந்து தகட்டை வாங்கினார்கள்.

"தள்ளு. உன்ரை கைக்கு உது சரிவராது," என்றார் அண்ணை.

ஒரே குத்தில் பட்டி பெயர்ந்து வந்தது. இன்னும் கொஞ்சம் கிண்டினார். மண்ணிறத் தண்ணீர் ஒரு கோடாக நீலத்தின் மேல் இறங்கியது. ஓடு ஊறினால் வரும் விநாகிரி மணம் எல்லோருக்கும் அடித்தது.

"கழுவின தண்ணியாயிருக்கும்," என்றார் முதலாளி.

"நான் கழுவேல்லை," என்றார் அண்ணை. "இன்னும் பதினாறு இருக்கு. காட்டவோ?"

யாரும் காட்டச் சொல்லவில்லை. அண்ணை தகட்டைக் குற்றியில் வைத்துவிட்டு வெளியே போனார். அங்கிள் மாமியின் ஓட்டிலிருந்து கையை எடுத்தார். பிறகு மெதுவாகப் பெட்டைப் பக்கம் போனார். அதன் பாய்மரத்தைத் தலையை அண்ணாந்து பார்த்த விதத்தில் எனக்கு விளங்கிவிட்டது. அவருக்கு முதல் நாளிலிருந்தே பிடித்தது அதுதான். சுற்றுலாக்காரர், தீவு, அடுப்பு எல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட நியாயம். அவருக்கு ஒரு வேகமான படகு வேண்டும். மாமியை வேண்டாம் என்று சொல்ல யாராவது தேவைப்பட்டிருந்தது. நான் மூன்று நாள் மல்லாந்து கிடந்து அதைச் செய்து கொடுத்திருந்தேன்.

அதற்குப் பிறகான நாட்களில் அண்ணை என்னோடு கோபமாக இருக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. சாப்பிட்டாயா என்று கேட்டார். சைக்கிளுக்குக் காற்று அடித்துத் தந்தார். மயிலிட்டிக்கு யாரோடோ போனில் கதைத்து, அடுத்த பயணத்துக்கு இடம் இருக்கிறதா என்று விசாரித்தார். மச்சாள் மட்டும் ஒரு தடவை, அரிசி களைந்துகொண்டு, "ஒரு ரெண்டு மாசம் ஓடவிட்டிட்டுச் சொல்லியிருக்கலாம்," என்றாள்.  பிறகு களைந்த தண்ணீரை ஊற்ற வெளியே போனாள்.

அடுத்த கிழமை அங்கிள் போன் எடுத்தார். பெட்டையை வாங்கிவிட்டார். அது காங்கேசன்துறையில் நிற்கும். போட்டிக்கு ஓட்டக் கயிறு தெரிந்த ஐந்து பேர் கொழும்பிலிருந்து வருவார்கள். தண்டையலும் அவர்களில் ஒருவர். தங்கும் சுற்றுலா யோசனையைக் கைவிட்டாகிவிட்டது. ஆனால் பகலில் படகோடு நிற்க ஓர் ஆள் வேண்டும். தண்ணீர் இறைக்க, கயிறு பார்க்க, மூடிவைக்க.

"அண்ணாவைக் கேட்டுச் சொல்லு பிள்ளை. எனக்குக் கேக்க ஒரு மாதிரிக் கிடக்கு."

எனக்கும்தான் ஒரு மாதிரி இருந்தது. அண்ணை முற்றத்தில் பயணப் பையைக் கழுவிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன். அவர் பையின் வாரைப் பிழிந்தபடி கேட்டார்.

"ஓட்டுறது ஆர்?"

"கொழும்பாக்கள்."

"அப்ப நான் காவலுக்கோ?"

"ஓம்."

வாரைத் திரும்பப் பிழிந்தார். அதில் தண்ணீர் இருக்கவில்லை.

"பின்னேரம் வீட்டை வரலாமோ?"

"ஒவ்வொரு நாளும் வரலாம். பஸ் இருக்கு."

"அப்ப ஓமெண்டு சொல்லு."

துறைமுகத்துக்குள் போவதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும். அதற்கு, இன்னார் இன்ன வேலைக்கு இந்தப் படகில் இருக்கிறார் என்று ஒரு கடிதம் கொடுக்கவேண்டும். அங்கிள் கையெழுத்து வைப்பார், எழுதுவது நான். மேசையில் இருந்து பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் எழுதி, பதவி என்ற இடத்தில் நின்றேன். அண்ணை கதவடியில் மகளுக்குச் செருப்பு வார் பூட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, பதவி எண்டு கேக்குது. என்ன போட? 'படகுப் பராமரிப்பு உத்தியோகத்தர்' எண்டு போடட்டோ?"

அவர் தலை நிமிரவில்லை.

"என்னவும் போடு. எனக்கு வாசிக்கத் தெரியாதுதானே."

குத்திக்காட்டினாரா, உண்மையைத்தான் சொன்னாரா என்று குரலில் தெரியவில்லை. மகள் மற்றக் காலை நீட்டினாள். அவர் அதற்கும் வாரைப் பூட்டினார். நான் 'காவலாளி' என்றே எழுதினேன்.